கத்திரி வெயிலில் பெல்லட் வேகம்: பெரம்பூர் நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி தொடங்கும் நாளில் மொட்டைமாடியில் நின்று, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலின் பெல்லட், அதாவது குட்டிக் குண்டு, என்ன வேகத்தில் போகிறது என்று அளப்பது புத்திசாலி செய்கிற வேலை இல்லை. என்ன செய்ய, வேகம் அளக்கும் குரோனோகிராஃப்புக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கருவி எளிமையானதுதான். ஒரு சென்சார், ஓரடி தள்ளி இன்னொரு சென்சார். பெல்லட்டின் நிழல் முதலாவதில் பட்டதும் கடிகாரம் ஓடும், அடுத்ததில் பட்டதும் நிற்கும். அந்த ஓரடியைக் கடக்க நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்.

இதற்கெல்லாம் காரணம் தங்கை மகள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து தங்கை வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பயிற்சியில் யாரோ, "உன் பிஸ்டல் ரொம்ப ஸ்லோம்மா" என்று சொல்லிவிட்டார்களாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, நிஜமாவே ஸ்லோவா?" சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று அவளுடையதோடு இன்னும் இரண்டு பிஸ்டல்களைக் கடன் வாங்கியாயிற்று.

நாலு முறை சுடுவதற்குள் அடுத்த மாடியிலிருந்து குரல். "இன்னா சார், புறாவ சுடுறீங்களா?" பந்தயப் புறா வளர்ப்பவர், பதறாமல் இருப்பாரா? பெல்லட் போய் விழும் இரும்புப் பெட்டியையும் உள்ளே அப்பியிருந்த புட்டிப் பசையையும் காட்டினேன். நம்பினார். ஆனால் "டப் டப்னு சத்தம் கேட்டா கூண்டுல நிக்க மாட்டேங்குது சார்" என்றார். அதுவும் நியாயம்தானே. மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கினோம்.

மே 10, சனி

ஹாலில் வைத்தால் கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நொடிக்கு 149 மீட்டர் என்று காட்டும், அடுத்தது 212, அப்புறம் 97, அதற்கடுத்து வெறும் கோடு. பெல்லட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, தப்பு டியூப்லைட்டில். நம் மின்சாரம் 50 சைக்கிள் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஒவ்வொரு மங்கலையும் நிழல் என்று எண்ணிக்கொள்கிறது. லைட்டை அணைத்துவிட்டு, பேட்டரியில் எரியும் எல்இடி பட்டையை சென்சாருக்கு மேலே கட்டி, நடுவில் பட்டர் பேப்பர் ஒட்டியதும் அடங்கியது.

மே 11, ஞாயிறு

முதலில் ஸ்பிரிங் பிஸ்டல். நண்பருடையது, கொடுக்கும்போதே பெருமையாகச் சொன்னார்: "நேத்துதான் ஆயில் போட்டேன், இப்ப பறக்குது பாரு." பறந்ததும் உண்மைதான், முதல் பெல்லட் 140ஐத் தாண்டியது. குழலின் வாயில் மெல்லிய நீலப் புகை, கூடவே ஸ்டவ் திரி கருகுகிற வாடை. ஸ்பிரிங் விடுபடும்போது உள்ளே காற்று சட்டென்று அமுங்கிச் சூடாகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜின் வேலை செய்கிற அதே விதம். எண்ணெய் தீரத்தீர வேகம் இறங்கி 110 பக்கம் வந்து உட்கார்ந்தது. நண்பருக்கு வருத்தம். எனக்கென்னவோ அந்த 110தான் மரியாதையான எண்.

மே 17, சனி

இன்று பயிற்சியாளரின் பழைய சிஓடூ பிஸ்டல், கார்பன் டை ஆக்சைடு வாயுவில் சுடுவது. மதியம் மின்விசிறிக்குக் கீழே சுட்டால் ஒரு வேகம், இரவு ஏசி அறையில் சுட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் குறைவு. 20 டிகிரியில் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 57 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவமாகவே நிற்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மே மாதச் சென்னையில் 31 டிகிரிக்குள் அடங்கும் இடத்தை எங்கே போய்த் தேட? இன்னொரு தொல்லை, விடாமல் சுட்டால் வாயு வெளியேற வெளியேற சிலிண்டர் குளிர்ந்து வேகம் விழுகிறது. போட்டியில் 60 பெல்லட்டுக்கு 75 நிமிடம் உண்டு, அதனால் அது பெரிய பிரச்சினை இல்லை. வெயில்தான் பிரச்சினை.

சாயங்காலம் சவுகார்பேட்டை போய் ஒரு நகைத்தராசு வாங்கினேன். தட்டை மூக்கு பிஸ்டல் பெல்லட் 0.45 கிராம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. நாலு குண்டுமணி எடைகூட வராது. நல்ல டப்பாவில் எல்லாம் ஒட்டியே இருந்தன. மலிவு டப்பாவில் ஆளுக்கொரு எடை, அதைச் சுட்டால் எண்களும் அப்படியே சிதறின.

மே 18, ஞாயிறு

கடைசியாகத் தங்கை மகளுடையது. 200 பார் வரை காற்று நிரப்பும் வகை, உள்ளே அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். 148, 150, 149, 151, மறுபடி 149. பார்க்கவே அலுப்பாக இருந்தது, அலுப்புதான் நமக்கு வேண்டியது. சிலிண்டர் பாதிக்குக் கீழே போன பிறகும் மாறவில்லை.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 150இல் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 2.2 சென்டிமீட்டர் தாழ்கிறது. 147இல் போனால் கூடுதலாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர். ஸ்பிரிங் பிஸ்டல் போல ஒரே மாலையில் வேகம் முப்பது மீட்டர் இறங்கினால் வட்டத்தை விட்டே பெல்லட் இறங்கிவிடும்.

"அப்ப ஸ்லோ இல்லதானே மாமா?"

"ஸ்லோதான். எல்லா மேட்ச் பிஸ்டலும் இந்த வேகம்தான்."

கூடவே ஆற்றலையும் போட்டுப் பார்த்தோம்: 5 ஜூல் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் உள்ள வரம்பு 20 ஜூல்.

மே 25, ஞாயிறு

பாரிமுனை போய்விட்டு கோட்டை வழியாகத் திரும்பும்போது பெஞ்சமின் ராபின்ஸ் நினைவு வந்தது. தொங்கவிட்ட ஊசல் மேல் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிடும் வழியை 1742இல் வெளியிட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, இங்குள்ள கோட்டைகளைப் பலப்படுத்த 1750இல் இந்தப் பக்கம் வந்தார். மறுவருஷமே கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். தங்கை மகளிடம் சொன்னேன். "சென்சார் இல்லாமலா?" என்றாள். களிமண் உருண்டையைக் கட்டித் தொங்கவிட்டு நாமும் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறாள். தரை முழுக்க மண் ஆகும், தங்கையிடம் நான் பேச்சு வாங்க வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

ரீடிங் எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு தங்கை மகள் தன் பிஸ்டல் சிலிண்டரின் அடியில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பத்து வருஷக் கெடு இந்த டிசம்பரோடு முடிகிறது. கெடு முடிந்த சிலிண்டரைப் போட்டியில் வைத்துக்கொள்ள முடியாது, வேகம் எவ்வளவு சீராக இருந்தாலும் சரி. புதுசுக்கு விலை விசாரித்திருக்கிறேன். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.