பணியாரம் எண்ணெய் குடித்த காலை

எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கான அளவு அப்பத்தா காலத்திலிருந்து மாறவில்லை. ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், என் மனைவி அடுப்படியிலிருந்தபடியே, "உளுந்து பழசு போலிருக்கு, பணியாரம் எண்ணெய் குடிக்குது" என்றாள். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டவை பால் கணக்கும் மின்கட்டணமும் மட்டுமே என்பது இரவில்தான் எனக்கு உறைத்தது.

அவள் உளுந்தைப் பற்றி என்னிடம் தீர்வு கேட்கவில்லை. தன்னுடைய காலைப்பொழுதுக்குள் என்னையும் ஒரு நிமிடம் அழைத்தாள், அவ்வளவுதான். மணவாழ்வை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இத்தகைய சிறு அழைப்புகளைத்தான் எண்ணிப் பார்த்தார். புதுமணத் தம்பதியரைக் கவனித்து, ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் பார்த்தபோது, சேர்ந்தே வாழ்ந்தவர்கள் முன்பு இவ்வழைப்புகளில் நூற்றுக்கு 86க்குச் செவிகொடுத்திருந்தார்கள் என்றும், பிரிந்துவிட்டவர்கள் 33க்கு மட்டுமே கொடுத்திருந்தார்கள் என்றும் அவர் கூறுகிறார். அங்குள்ள கணக்கு காரைக்குடிக்கு அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. என்னுடைய கணக்கை எண்ணிப் பார்க்கத்தான் துணிவு வரவில்லை.

திருமணம் ஆனதும் கணவனையும் மனைவியையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் கோயில் கணக்கில் எழுதுவது எங்கள் நகரத்தார் சமூகத்தின் வழக்கம். பிறகு வேறு வைத்து, அதாவது தனிக் குடும்பமாகப் பிரித்து, தனிச் சமையலும் தொடங்கிக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாடுகளெல்லாம் ஊர் செய்து தருபவை. புள்ளிக்குள் இருக்கும் இருவரும் பேசிக்கொள்வதை ஊர் செய்து தர முடியாது. கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்குப் போயிருந்த ஐயா, அப்பத்தாவின் கணவர், எழுதிய கடிதங்கள் சில இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. வட்டி, வரவு, ஆள் அனுப்பும் செய்தி என்று பக்கம் நிறைந்தபின், ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரியில், செவலைப் பசு கன்று போட்டதா என்று அப்பத்தாவைக் கேட்டிருக்கிறார். கடிதம் கடல் கடந்து வந்து சேர்வதற்குள் கன்று ஓடியாடத் தொடங்கியிருக்கும். நானோ அடுப்படிக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது காலையில் கைப்பேசியை முகப்பிலேயே வைத்துவிட்டு வருகிறேன். தொடக்கத்தில் ஆர்வக் கோளாறால் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்டு, "என்ன, போலீஸ் விசாரணையா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கிரிக்கெட்டைப் பற்றி நான் பேசினால் அவளும் "ம்" தான் சொல்கிறாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய்.

சென்ற வாரம் மழை பெய்தபோது, வளவு முற்றத்தில் தண்ணீர் வாங்க வைத்திருந்த அண்டா நிரம்பி வழிவதாக உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். எடுத்து வைக்கச் சொல்கிறாள் என்று எண்ணி விரைந்து போனேன். அவள் தூணில் சாய்ந்து நின்றபடி, "சும்மா, பாருங்க" என்றாள்.