விலை குறைந்த ஹெட்போன்: முதலில் எது போகும் என்று பாருங்கள்

மலிவான ஹெட்போன் வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, "சவுண்ட் எப்படி இருக்கும்?" ஒயர் உள்ள ஹெட்போனைப் பொறுத்தவரை நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஒலி எழுப்பும் டிரைவர் என்பது ஒரு காந்தம், ஒரு மெல்லிய கம்பிச் சுருள், ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அவ்வளவுதான். இயர்போனில் 10 மி.மீ., தலையில் மாட்டும் ஹெட்போனில் 40 மி.மீ. என்ற அளவுகளில் இவை ஏராளமாகத் தயாராவதால் நல்ல டிரைவருக்கே பெரிய செலவில்லை. கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. எளிய பிளாஸ்டிக், சாதாரண பஞ்சு. ஒலிக்காகவே இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

விலையைக் குறைக்கும்போது தயாரிப்பாளர் கைவைப்பது வேறு இடங்களில்: ஒயர், போனில் செருகும் பின், மடக்கும் கீல், காதுப் பஞ்சு, பேட்டரி. அதனால் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது இதுதான்: இதில் எது முதலில் போகும், போனால் மாற்ற முடியுமா?

பெரும்பாலும் ஒயர்தான். அதிலும் பின்னும் ஒயரும் சேரும் கழுத்துப் பகுதி முதலில். பிறகு காதுக்கூட்டுக்குள் ஒயர் நுழையும் இடம். பிறகு ஒயர் இரண்டாகப் பிரியும் முடிச்சு. உள்ளே இருப்பது தலைமுடி போல மெல்லிய, வார்னிஷ் பூசிய செம்பு இழைகள். ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அவை ஒவ்வொன்றாக அறுகின்றன. ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான். கழுத்தில் உள்ள ரப்பர் உறையை விரலால் வளைத்துப் பாருங்கள். சீராக வளைந்தால் நல்லது. குச்சி மாதிரி விறைத்து நின்றால் வளைவு முழுவதும் அதன் விளிம்பில் விழும், அங்கேதான் அறுபடும். போனைப் பாக்கெட்டில் வைத்துக் கேட்பவர்களுக்கு நேர் பின்னைவிட எல் வடிவப் பின் நல்லது.

ஒயரைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்போன் இப்போது குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. என் முதல் சிபாரிசு அதுதான். இணைப்பில் பரவலாக இரண்டு வகை: 0.78 மி.மீ. இரட்டை ஊசி, எம்எம்சிஎக்ஸ் எனும் சுழலும் வட்டச் செருகி. மலிவான எம்எம்சிஎக்ஸ் சுழன்று சுழன்று தளர்ந்து கரகரக்கத் தொடங்கும், அதனால் இரட்டை ஊசியே மேல். ஆனால் ஒரு பக்க ஊசியைத் தலைகீழாகச் செருகிவிட்டால் அந்தப் பக்கத்தின் துருவம் (பிளஸ், மைனஸ்) மாறிவிடும். இரண்டு பக்கமும் சத்தம் வரும், பாஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும் காணாமல் போகும். பாவம், பலர் இயர்போனைத்தான் குறை சொல்வார்கள்.

நிரந்தர ஒயர் என்றாலும் பின்னை மாற்றிக்கொள்ளலாம். அறுந்த இடத்துக்கு மேலே சில செ.மீ. தள்ளி வெட்டுங்கள். சாலிடர் வைக்கும் முன் வார்னிஷ் எரிய வேண்டும்: 350 முதல் 400 டிகிரி சூட்டில், முனையில் புதுச் சாலிடர் சொட்டு வைத்து, இழை வெள்ளியாகப் பூசப்படும் வரை பிடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒட்டியது போலத் தெரியும், மின்சாரம் போகாது. மைக் உள்ள நான்கு பட்டைப் பின்னில் இன்று பரவலான வரிசை: நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பி), அடிப்பகுதி மைக். ஒயரின் நிறங்களை மட்டும் நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் பாருங்கள். கிரவுண்டுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட எண்களில் "20 – 20,000 ஹெர்ட்ஸ்" என்ற அதிர்வெண் எல்லையைக் கண்டுகொள்ள வேண்டாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமில்லை. டிரைவர் பெரிது என்பதும் தரத்துக்குச் சான்றல்ல. பயனுள்ளவை இரண்டுதான்: மின்தடை 16 முதல் 32 ஓம், உணர்திறன் மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் அளவில். அப்படியானால் போனிலேயே தாராளமாகச் சத்தம் வரும். டைப்-சி இயர்போன் என்றால் டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றும் டிஏசி சிப் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிப் இல்லாதது சில போன்களில் மட்டுமே வேலை செய்யும்.

"பாஸே இல்லை" என்ற புகாரில் பெரும்பங்கு காதில் சரியாகப் பொருந்தாததால் வருவது. ரப்பர் முனைக்கும் காதுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலே தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். கூடவே வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம். இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு ஒலித்தரத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் கை தானாக வால்யூமைக் கூட்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. ஒருமுறை இழந்த கேட்கும் திறன் திரும்பாது. பொருந்தாத இயர்போன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். முதலில் இடது வலது சரியா. பிறகு போனில் மோனோவை (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் அமைப்பை) இயக்கி, ஒருவர் பேசும் ஒலிப்பதிவைக் கேளுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு டிரைவரும் சமமில்லை. எங்கே இருக்கிறது என்றே புரியாமல் பரவிக் கேட்டால் துருவம் மாறியிருக்கிறது. அடுத்து 20 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறும் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். தாழ்ந்த பகுதியில் பட்டாம்பூச்சி சிறகடிப்பது போலச் சத்தம் வந்தால் சவ்வில் தூசியோ கிழிசலோ இருக்கலாம். கடைசியாகப் பாட்டு ஓடும்போதே பின்னின் கழுத்தை மெல்ல ஆட்டுங்கள். கரகரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளடைவில் சரியாகாது.

ப்ளூடூத் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. தனித்தனி இயர்பட் ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 மில்லிஆம்பியர்-மணி அளவில் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. 300 முதல் 500 சார்ஜ் சுற்றுகளில் அதன் கொள்ளளவு நன்றாகவே குறையும். கூட்டைப் பசையால் ஒட்டி மூடியிருப்பதால் பேட்டரியை மாற்றுவது கடினம். தினமும் பயன்படுத்தினால் ஓரிரு ஆண்டுகளில் தீரும் பொருள் என்று எண்ணியே வாங்குங்கள். கழுத்தில் தொங்கும் நெக்பேண்டில் பேட்டரி பெரிது, சார்ஜ் சுற்று குறைவு, அதனால் கூடுதலாக உழைக்கும். மலிவு விலையில், வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் குறைக்கும் நாய்ஸ் கேன்சலேஷனுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நன்றாகப் பொருந்திய ரப்பர் முனையே அதைவிட அதிகம் தடுக்கும். மைக் இயங்கும்போது பாட்டின் தரம் தொலைபேசி போலாவது மலிவின் குறை அல்ல. பேச்சுக்கென்று ப்ளூடூத் வேறு முறைக்கு மாறுவதால் விலை உயர்ந்தவற்றிலும் அது நடக்கும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டதா? தூக்கிப் போடும் முன் ரப்பர் முனையைக் கழற்றி, உள்ளே உள்ள வலையைப் பாருங்கள். காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழிந்து அழுக்கு டிரைவருக்குள் போய்விடும். பிரஷ்ஷால் அழுக்கு நீங்காவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு மாட்டுங்கள்.