நான்கும் மூன்றும்: கார்டுகளை எண்ணிப் பழகிய மூன்று வாரம்

கீபோர்டு வாங்கிய முதல் ஆறு மாதம், கார்டு (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) என்றால் எனக்கு விரல் வைக்கும் படம்தான். சி மேஜருக்கு இந்த மூன்று கட்டை, டி மைனருக்கு அந்த மூன்று என்று உருப்போட்டேன். பத்துக்கு மேல் தலையில் நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் படங்களை மூடி வைத்துவிட்டு இடைவெளிகளை எண்ணத் தொடங்கினேன்.

கணக்கு சின்னதுதான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு அரைச் சுரம். அடிச் சுரத்திலிருந்து நான்கு, அங்கிருந்து மூன்று ஏறினால் மேஜர். முதலில் மூன்று, பிறகு நான்கு என்றால் மைனர். முதல் நாள் வந்ததோ காது கூசும் சத்தம். தொடங்கும் கட்டையையே 'ஒன்று' என்று எண்ணியிருக்கிறேன். சி-யில் தொடங்கி டி ஷார்ப், அங்கிருந்து எஃப் என்று போய் நின்றது. தாவலை எண்ண வேண்டும் என்று உறைக்க அரை மணி நேரம் ஆனது.

அப்புறம் சரியாகவே சி, இ, ஜி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் அப்படியே இருக்க, நடுவிரலை மட்டும் ஒரு கட்டை இறக்கினேன். ஓரங்களுக்கு இடையே அதே 7 அரைச் சுரம், ஆனால் கார்டின் முகமே வாடிவிட்டது. சிறு வயதில் சரளி வரிசை பாடிய காதுக்கு இது பழைய சங்கதி: அந்தர காந்தாரம் (மேல் 'க') போய், அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள சாதாரண காந்தாரம் வந்திருக்கிறது. சங்கராபரண ராகத்தில் அந்த ஒரு சுரத்தை மாற்றினால் கௌரிமனோகரி ராகம் ஆகிவிடுகிறதே!

இரண்டாம் வாரம் வெள்ளைக் கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக அழுத்தியதில் சி, எஃப், ஜி மேஜராகவும் டி, இ, ஏ மைனராகவும் வந்தன. பி மட்டும் 3, 3 என்று அந்தரத்தில் தொங்கியது. இ–எஃப், பி–சி இரண்டு இடத்திலும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் வரும் வேறுபாடு இது.

மூன்றாம் வாரம் அப்பாவின் தம்புராவை ஒரு கட்டைச் சுருதிக்கு, அதாவது ஸ என்பது கீபோர்டின் சி ஆகும்படி, சேர்த்தேன். தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் நூலை நகர்த்தி ஜீவா (அந்த நூலால் வரும் ரீங்காரம்) சரியாக அமைந்ததும், ஷட்ஜத் (ஸ) தந்தியிலிருந்தே அந்தர காந்தாரம் மேலே மிதந்து வந்தது. தந்தியின் அடிப்படை அதிர்வைப் போல 4, 5, 6 மடங்கில் அதிரும் மேற்சுரங்கள் ஸ, க, ப. நான் எண்ணி எண்ணிக் கட்டிய மேஜர் கார்டு ஒற்றைத் தந்திக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது! கூடவே கீபோர்டில் மேல் இ-யை அழுத்தினேன். ஒலி வினாடிக்கு ஐந்து தடவை போல அலைந்தது. "காந்தாரம் தூக்கலாக இருக்கிறதே" என்று அடுத்த அறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அவர் சொன்னது சரி. தம்புராவில் ஸ–க அதிர்வெண் விகிதம் 4:5, அதாவது 386 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டு ஸ்தாயியை (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டாகச் சமமாகப் பங்கிடுவதால் அங்கே 400. பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட் என்பதால் அது உறுத்தவில்லை.

அடுத்து நான்காவது விரல்: 4, 3, 3. அதற்குள் அப்பா கீபோர்டைக் கதவு மூடிய அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.