செம்பு எவ்வளவு அகலம்?

மூன்று வாரமாக நான் திட்டித் தீர்த்தது ஆக்சைடு படலத்தை. தப்பு அதன் மேல் இல்லை.

வேலை சிக்கலானதல்ல. சிலிக்கான் சிப்பின் மேல் ஒரு அலுமினிய இழை. நீளம் சில மைக்ரோமீட்டர், தடிமன் 25 நானோமீட்டர். அதன் மின்தடையை அளக்கச் செம்புத் தொடுப்புகள். அலுமினியம் 1.2 கெல்வினை ஒட்டி மீக்கடத்தியாகிவிடும், அதாவது மின்தடையே இல்லாததாகிவிடும்; செம்பு அப்படி ஆவதில்லை. கிரையோஸ்டாட் என்ற குளிரூட்டும் கலம் குளிர்ந்ததும் மின்தடை படக்கென்று விழுந்து பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். ஆனால் வரைகோடு சறுக்குமரம் மாதிரி சரிந்து, 1 கெல்வினுக்குக் கீழேயும் வால் நீட்டிக்கொண்டே போனது.

இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஆக்சைடு உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஆர்கான் அயனிகளால் அலுமினியத்தின் முகத்தைச் சுரண்டி, வெற்றிடம் கலையாமல் செம்பைப் படியவைத்தேன். அடுத்த சிப் முன்னதைவிட மோசம். இன்னும் கொஞ்ச நேரம் சுரண்டினேன், இன்னும் மோசம்.

எங்கள் சீனியர் அக்கா நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெட்டலையே திட்டிக்கிட்டிருக்கியே, உன் டிராயிங்கைப் பாத்தியா?"

பார்த்தேன். இரண்டு அடுக்குகளும் சரியாகப் பொருந்தச் சுலபமாக இருக்கட்டும் என்று செம்பை நான்தான் அகலமாக வரைந்திருந்தேன். அது இழையின் பாதியைப் போர்த்தியிருந்தது. சுத்தமான எல்லையில் கூப்பர் இணைகள், அதாவது மீக்கடத்தலுக்குக் காரணமான எலெக்ட்ரான் சோடிகள், செம்புக்குள் கசிகின்றன. 0.3 கெல்வினில் சில நூறு நானோமீட்டர் வரை அந்தச் சோடித்தன்மை தாக்குப்பிடிக்கும். ஆனால் கசிவு ஒருவழிப் பாதையல்ல: செம்பு பெறுவதை அலுமினியம் இழக்கிறது. இழை மெல்லியது, செம்பு விசாலம். வாய்க்காலை மணல்வெளியில் திறந்துவிட்ட கதைதான். நான் சுரண்டச் சுரண்ட மடை இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது! உண்மையில் ஆக்சைடுதான் அதுவரை என்னைக் காப்பாற்றி வந்தது.

வடிவம் இன்னும் நுட்பமான வேலையும் செய்யும். மீக்கடத்தியை ஒட்டி நிற்கும், மாசில்லாத சாதாரண உலோகத் துண்டு செவ்வகமாக இருந்தால், சில எலெக்ட்ரான்கள் நேர்ச்சுவர்களுக்கு நடுவே நெடுநேரம் அலைந்தும் மீக்கடத்தி எல்லையைத் தொடுவதில்லை. அதனால் ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதி, முழுசாகத் திறக்காது. அதே துண்டு கோணல்மாணலாக இருந்தால் எந்தப் பாதையும் சீக்கிரம் எல்லைக்கு வந்து சேரும், இடைவெளியும் உருவாகும். உலோகம் ஒன்றுதான், மாறியது சுவர்கள் மட்டுமே. எனக்கு இது இன்றும் கொஞ்சம் மாயமாகத்தான் இருக்கிறது.

சரி, என் சிப்புக்கு வருகிறேன். செம்பை 100 நானோமீட்டர் அகல விரலாகக் குறுக்கி, அகன்ற பட்டையை இழையிலிருந்து 3 மைக்ரோமீட்டர் தள்ளி வைத்தேன். பொருத்துவதற்குள் கண் பூத்துப்போனது, இரண்டு சிப்புகள் வீண். மூன்றாவதில் வரைகோடு செங்குத்தாக விழுந்தது. ஆர்கான் சுரண்டலை நான் நிறுத்தவில்லை. விரல் குறுகலாக இருக்கும்வரை சுத்தமான முகத்தால் தொல்லை இல்லை.