நீலக் கொத்து

ராத்திரி பதினொன்றரை. மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஃபிலிப்பின் என்கிற சாயம் செல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலோடு ஒட்டி நீலமாக ஒளிரும். ஆனால் புற ஊதா ஒளி பட்டதும் கண்ணெதிரே மங்கும். ஃபோகஸ் பண்ணுவதற்குள் பாதி போச்சு!

செல்லுக்குள் செரிமானப் பை மாதிரி இருக்கும் லைசோசோமுக்கு வந்த கொலஸ்ட்ராலை என்பிசி2 என்கிற புரதம் ஏந்தி, என்பிசி1 என்கிற இன்னொரு புரதத்தின் கையில் கொடுக்கும். அது லைசோசோமை விட்டு வெளியே அனுப்பிவிடும். என்பிசி1 பழுதானால் சரக்கெல்லாம் உள்ளேயே தேங்கி, உட்கருவைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நீலம். நீமன்-பிக் சி என்கிற அரிய பரம்பரை நோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான். என்பிசி1 புரதத்துக்கான மரபணுவை அடையாளம் கண்டது 1997-இல்.

வேடிக்கை என்னவென்றால், கொலஸ்ட்ரால் போதவில்லை என்று நினைத்து செல் மேலும் மேலும் தயாரிக்கும். கிட்டங்கி நிரம்பி வழிகிறது, கடையில் சரக்கில்லை!

சரி, அடுத்த ஸ்லைடு. இந்தத் தடவை கையை வேகமா ஓட்டணும்.