பிளக் கறுத்திருந்தும் மீட்டர் லீன் என்று காட்டியபோது

கடந்த இரண்டு மாதங்களாக என் பழைய மாருதி எஸ்டீமின் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் விதம்) என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அதன் 1.3 லிட்டர் எஞ்சினில் சற்றுக் கடுமையான கேம்ஷாஃப்ட், பெரிய இன்ஜெக்டர்கள், தனியாகச் செய்வித்த ஹெட்டர் (சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ஆகியவற்றைப் பொருத்தி, எஞ்சினை இயக்கும் கணினியான கம்பெனி இசியுவை எடுத்துவிட்டு, நாமே நிரல் அமைக்கக்கூடிய ஸ்பீடுயினோ இசியுவை வைத்து, எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் மேப்பை நானே எழுதியிருந்தேன். ஹெட்டரின் குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே பாஷ் எல்எஸ்யு 4.9 வகை வைடுபேண்டு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் ஐடிலிங் 850 ஆர்பிஎம்முக்கும் 1,300க்கும் இடையே ஏறி இறங்கும். காரின் பின்னால் நின்றால் பெட்ரோல் வாடையில் கண் எரியும். ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் மீட்டரோ, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரி என்ற அளவுகோலில் 16க்கு மேல் காட்டி, கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் என்னை நீண்ட நாள் குழப்பியது.

முதலில் சென்சார் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்தேன். புதிய சென்சார் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பழையது காட்டிய அதே எண்ணைத்தான் அதுவும் காட்டியது. வழக்கமாக நான் போகும் ஒர்க்‌ஷாப்பின் மூத்த மெக்கானிக் அப்போது சொன்னதுதான் வழியைத் திறந்துவிட்டது: “மீட்டரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, பிளக்கைக் கழட்டிப் பாருங்க.” நான்கு பிளக்குகளும் அடுப்புக்கரி போல் கறுத்து, காய்ந்த புகைக்கரி படிந்திருந்தன. உண்மையில் லீனாக ஓடும் எஞ்சினில் பிளக் அப்படி இருக்க வழியே இல்லை.

ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைப் பற்றி நேரடியாக ஒன்றும் தெரியாது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை மட்டுமே அது அறியும். 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த பழைய வகைச் சென்சாரும், இன்றைய வைடுபேண்டு சென்சாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். பழைய வகை, கலவை ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) இருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், லீனாக இருந்தால் 0.1 வோல்ட்டும் தந்து, நடுவில் 0.45 வோல்ட்டில் தாவும். வைடுபேண்டு எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்பதையும் அளந்து சொல்லும். ஆனால் அந்த ஆக்ஸிஜன் எரியாத கலவையிலிருந்து வந்ததா, குழாயின் ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததா என்பதை எந்தச் சென்சாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனால் அதில் எரியாமல் போன காற்று முழுவதும் சென்சாரைத் தொட்டுவிட்டுத்தான் வெளியேறும். எரியாத பெட்ரோலும் கூடவே வெளியேறினாலும் சென்சார் லீன் என்றே காட்டும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் காரில் நடந்துகொண்டிருந்தது விளங்கியது. எங்கிருந்தோ வந்த பொய்யான லீன் கணக்கை நம்பி இசியு பெட்ரோலைக் கூட்டியது. நான் அனுமதித்திருந்த 15 சதவீத எல்லை வரை போய் நின்றது. அது போதாதென்று, சென்சார் சொல்வதை வைத்து மேப்பைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூனை லேப்டாப்பில் ஓடவிட்டு, அந்தப் பொய்யை மேப்பிலேயே நான் நிரந்தரமாக எழுதிவைத்திருந்தேன். கூடிய பெட்ரோல் பிளக்கில் கரியாகப் படிந்தது. கரி மிஸ்ஸிங்கை உண்டாக்கியது. மிஸ்ஸிங் சென்சாருக்கு இன்னும் அதிக ஆக்ஸிஜனை அனுப்பியது. இசியு அதைப் பார்த்து இன்னும் லீன் என்று எண்ணியது. தவறைத் திருத்துவதற்காக வைத்த ஏற்பாடே தவறை வளர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே இத்தகைய சிக்கலில் முதல் வேலையாக அந்தத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை நோயும் மருந்தும் கலந்துதான் தெரியும்.

திருத்தத்தை அணைத்து, ஹெட்டர் மாற்றுவதற்கு முன்பு சேமித்திருந்த மேப்பை ஏற்றி, பிளக்குகளைச் சுத்தம் செய்து போட்டதும் ஐடிலிங்கின் ஆட்டம் நின்று நிதானமாகியது, வாடையும் போனது. ஆனால் மீட்டர் அப்போதும் 16க்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்டேக் வாயருகே சிறிது எல்பிஜியை விட்டபோது அது உடனே ரிச் பக்கம் சாய்ந்தது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இன்ஜெக்டர்கள் அணைந்தபோது உடனே லீன் எல்லைக்குப் போனது. இவ்வளவு சுறுசுறுப்பான சென்சாரைக் குறை சொல்ல இடமில்லை. மிஞ்சியது காற்றுக் கசிவு.

வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தில் குழாயை மாட்டி, ஆறிய எஞ்சினின் சைலன்சர் வாயில் துணி சுற்றி அடைத்து, ஹெட்டர் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டரின் ஃபிளாஞ்சில் (குழாயை எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தகட்டில்) நுரை பொங்கியது. வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறது. கழற்றி இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. புகை தொடர்ச்சியாக அல்லாமல் துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, இடுக்கின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஐடிலிங்கில் புகையின் அளவே சொற்பம் என்பதால் இந்தச் சிறு காற்றும் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. முழு வேகத்திலோ புகை பெருகி, கசிவு வெளிப்பக்கமாகத்தான் தள்ளும். ஸ்பீட்வேயில் குறை தெரியாததன் காரணம் இதுவே. ஃபிளாஞ்சைச் சமமாகத் தேய்த்து, புதிய பேக்கிங் போட்டபின் மீட்டர் 14.3க்கு வந்தது.

அதோடு முடியவில்லை. மீட்டர் காட்டும் எண்ணைவிட லேப்டாப் பதிவில் இருந்த எண் எப்போதும் 0.3 கூடுதலாக இருந்தது. ஃபேனும் ஹெட்லைட்டும் எரியும்போது சென்சார் கன்ட்ரோலரின் எர்த்துக்கும் இசியுவின் சென்சார் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.15 வோல்ட் காட்டியது. என் கன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட் வரை 10 முதல் 20 வரையான விகிதத்தைத் தருகிறது; ஆக 0.15 வோல்ட் என்றால் சரியாக 0.3. ஹீட்டர் எர்த்தை எஞ்சின் பிளாக்கிற்கும், சிக்னல் எர்த்தை இசியுவுக்கும் தனித்தனியாகக் கொண்டுபோனதும் இரண்டு எண்களும் ஒன்றாகின.

இதற்குப் பிறகு திருத்தத்தை மீண்டும் இயக்கி நெடுஞ்சாலையில் ஓட்டினேன். எந்த வேகத்திலும், எந்தச் சுமையிலும் இசியு ஒரே சீராக 4 முதல் 5 சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. கசிவாக இருந்தால் ஐடிலிங்கில் மட்டும் மிகுந்திருக்கும். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தைத் தவறாகக் கொடுத்திருந்தாலும் குறைந்த சுமையில்தான் அதிகம் தெரிந்திருக்கும். எங்கும் சமமான பிழை என்றால் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையோ எரிபொருளையோதான் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தது. மேப்பை நான் எழுதியது 10 சதவீத எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் காலத்தில். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்த இ20. முழுமையாக எரிய இ10க்கு ஏறத்தாழ 14.1 பங்கு காற்று வேண்டும், இ20க்கு ஏறத்தாழ 13.5 போதும், அதாவது அதே காற்றுக்கு நாலரை சதவீதம் கூடுதல் எரிபொருள். மீட்டர் லாம்ப்டாவை (அந்த எரிபொருளுக்கு வேண்டிய காற்றோடு ஒப்பிட்ட விகிதம்; சரியான கலவை என்றால் 1) 14.7ஆல் பெருக்கிக் காட்டுவதால் இலக்கை மாற்றத் தேவையில்லை. மேப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் தொடாமல், அடிப்படை எரிபொருள் அளவை மட்டும் 1.045ஆல் பெருக்கினேன்.

கடைசியாகத் திருத்தத்தின் வேகம். 900 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 30 முறை ஸ்பார்க் விழுகிறது. இன்ஜெக்டர் தெளித்தது சென்சாரில் தெரிவதற்கு ஏறத்தாழ 0.3 நொடி ஆவதைப் பதிவில் பார்த்தேன். அதற்குள் 9 ஸ்பார்க்குகள் கடந்துவிடும். நானோ 4 ஸ்பார்க்குக்கு ஒருமுறை திருத்தச் சொல்லியிருந்தேன். முதல் திருத்தத்தின் பலன் தெரிவதற்கு முன்பே இரண்டாவதும் போய்ச் சேர்ந்ததால்தான் ஐடிலிங் அவ்வளவு ஆடியிருக்கிறது. இப்போது 16 ஸ்பார்க்குக்கு ஒரு சதவீதம், மொத்த எல்லை 8 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். இந்தக் கேம்ஷாஃப்டில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளம் என்பதால், குறைந்த வேகத்தில் கொஞ்சம் கலவை எரியாமலே வெளியேறும். ஓட்டையே இல்லாவிட்டாலும் அங்கே சென்சார் சற்று லீனாகத்தான் சொல்லும். அதனால் 1,200 ஆர்பிஎம்முக்குக் கீழே திருத்தம் அணைந்தே இருக்கிறது. ஐடிலிங் கலவையைப் பிளக்கின் நிறத்தையும் இன்டேக் மேனிஃபோல்டின் (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியின்) வாக்குவத்தையும் பார்த்துக் கையால் வைத்திருக்கிறேன்.