லைச்சி தண்ணி

"தம்பி, இதுல டின் லைச்சி தண்ணி ஊத்திட்டியா?"

நேத்து கேஎல் பங்சார்ல ஒரு வீட்ல எட்டு பேருக்கு வைன் டேஸ்டிங் நடத்துனேன், பர்த்டே அக்காவோட அம்மா கிளாஸ மூக்குகிட்டயே வச்சிக்கிட்டு இருந்தாங்க, குடிக்கவே இல்ல, அப்புறம் கேட்டாங்க பாருங்க இப்படி.

அது கெவுர்ஸ்ட்ராமினர், பிரான்ஸ் அல்சாஸ்லருந்து வர்ற வெள்ளை வைன். லைச்சில இருக்கிற அதே ரோஸ் ஆக்சைடுங்கிற வாசனைப் பொருள் அதுலயும் இருக்கு, நான் வாயே தொறக்கல லா!

ரெட் வைனுக்கு (நம்ம ஊரு சூட்டுக்கு அதையும் 20 நிமிஷம் பிரிட்ஜ்ல வச்சிதான் ஊத்துவேன்) "நாக்கு துவர்க்குது, ஊறிப்போன தே ஓ மாதிரி"ன்னாங்க. வாய துவர்க்க வைக்கிற டானின்தான் ஆண்ட்டி, வைன்லயும் அந்த பால் இல்லாத டீலயும்.

கொதிக்கிற ரசத்த மோந்தே உப்பு கம்மின்னு சொல்ற மூக்கு. அதுக்கு நான் என்னத்த கத்துக் குடுக்கிறது, நோட்ஸ மடிச்சி பாக்கெட்ல போட்டுட்டேன்.

அடுத்த பாட்டில் தொறந்ததும் யாரும் கிளாஸ தொடல, எல்லாரும் ஆண்ட்டி மூஞ்சியதான் பாத்தாங்க.